கழுவாத புட்டி

நவம்பர் கடைசி, ரெதுய்.
நாலு மணிக்குக் குழாய் இருமியது.
பிறகு காற்று. பிறகு அதுவும் இல்லை.
வறட்சி அட்டவணை ஆய்வகத்துக்கும் உண்டு என்று
காவலாளி கதவோரம் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

மேசையில் ஒரு லிட்டர் புட்டி.
உள்ளே தெற்கு ஆலையின் கரும்புச் சக்கை
நூற்று நாற்பது டிகிரியில் வெந்து
காப்பி மண்டியாய்க் குழைந்து கிடக்கிறது.
வழக்கப்படி ஏழு முறை கழுவ வேண்டும்.
ஒரு பிடி சக்கைக்கு ஒரு வாளித் தண்ணீர்.
கழுவாவிட்டால் ஈஸ்ட் சாகும்.
பழைய கரைப்பான் அப்படி:
பூட்டைத் திறக்கும்,
பின்னால் வருகிறவனைக் கொல்லும்.
மூன்று வருடமாக எழுதுகிறேன்,
தண்ணீர்க் கணக்கை மட்டும்
அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில்.

லிக்னினைக் குறை சொல்ல மாட்டேன்.
புயலில் கரும்பு விழாமல் நிற்பது
அதன் பிடிவாதத்தால்.
எங்களுக்கு முன்னால் வந்தவர்கள்
அமிலம் ஊற்றினார்கள், ஆவியில் வெடிக்க வைத்தார்கள்.
அடிமேல் அடி.
அம்மி நகர்ந்தது,
அரைக்கத்தான் ஒன்றும் மிஞ்சவில்லை.

இன்று புட்டியில் இருப்பது வேறு.
கோலின், முட்டை மஞ்சளில் இருப்பது.
லைசின், பருப்பில் இருப்பது.
இரண்டும் சேர்ந்தால் பாகு மாதிரி ஒரு திரவம்,
கருவாட்டு வாடையோடு.
ரோஸ் ஹில் பஸ்ஸில் ஆறு மாதமாய்
என் பக்கத்து இருக்கை காலி.

சக்கை கேட்டுப் போனபோது
கொதிகலன் மார்செலின் சிரித்தான்.
"எரித்தால் தீவுக்கு விளக்கு,
நீ என்ன செய்வாய், ஊறுகாயா?"
மூன்று சாக்கு கொடுத்தான். ஒரே நிபந்தனை:
ஜெயித்தால் அவனிடம் சொல்லக் கூடாது.
ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரையாம்.
இங்கே ஆலைகள் ஒவ்வொன்றாய் மூடுகின்றன,
இலுப்பை மரமும் இல்லை.

மூலைக் கடையில் குடிநீர்ப் புட்டிகள் அடுக்கியிருந்தன.
ஆறு வாங்கியிருக்கலாம்.
நாளைவரை காத்திருந்திருக்கலாம்.
தோக்தேர் பூனுசாமிக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்.

கழுவவில்லை.
சிட்ரிக் அமிலம் சொட்டுச் சொட்டாக,
காரம் இறங்கி ஐந்தைத் தொடும்வரை.
பிறகு நொதி. மூன்று நாள் வெதுவெதுப்பு.
பிறகு ஆறவிட்டு, நீ.

உனக்கு நான் பெயர் வைத்ததில்லை.
குளிர்பெட்டியில் பதினேழாம் எண்.
உன் சொந்தக்காரர்கள் முப்பது தலைமுறையை
இதே மேசையில் கொன்றிருக்கிறேன்,
ஒவ்வொரு முறையும் தேதி போட்டு.
உள்ளே விட்டபோது கை நடுங்கியது என்று
குறிப்பேட்டில் எழுத இடமில்லை.

இரவு பதினொன்று. ஒன்றுமில்லை.
ஒரு மணி. ஒன்றுமில்லை.
மேலே மின்விளக்கு முணுமுணுத்தது,
அதுவும் எங்கோ எரிகிற சக்கைதான்.
நாற்காலியிலேயே தூங்கிப்போனேன்.

விடியலில் கண்ணாடிக் குழாயில்
ஒரு குமிழி.
எண்ணினேன். இருபத்திரண்டு.
இன்னொன்று.
அடுத்தது பத்தொன்பதில்.
முட்டையும் பருப்பும் கலந்த அந்தக் கருவாட்டுச் சேற்றில்
நீ தின்றுகொண்டிருந்தாய்,
மூச்சு விட்டுக்கொண்டிருந்தாய்.

கழுவிய புட்டியைவிட நூற்றுக்கு எட்டுக் குறைவு.
பூனுசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
மறுபடி செய் என்றார், மறுபடியும்.
கழுவிய தண்ணீர் என்ற பத்தியில்
சுழியம் போட்டேன்.
இந்த முறை முதல் பக்கத்தில்.

மத்தியானம் குழாய் இருமித் தண்ணீர் விட்டது,
செம்மண் நிறத்தில்.
யாரும் எழுந்து போகவில்லை.

சாயங்காலம் மார்செலின் கூப்பிட்டான்.
பின்னால் கொதிகலன் இரைச்சல்.
சாக்கு மூன்றும் திரும்ப வேண்டுமாம்.
"அப்புறம்?" என்றான்.
அந்த ஒரு சொல்லுக்குப் பின்
அவனும் பேசவில்லை.

சாக்கைக் கொண்டுவருகிறேன் என்றேன்.